கல்லாவில் கேட்கும் கேள்வியை முதலில் படியுங்கள்

கேள்வி: நானும் கணவரும் மகளும் மதுரையிலிருந்து நெதர்லாந்தின் தி ஹேக் நகருக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது. கணவரின் அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம்தான். வெளியே போனால் திண்டாட்டம் எனக்குத்தான். கைபேசிச் செயலியில் தினமும் டச்சு படிக்கிறேன். ஆனால் கடையில் கல்லாவில் இருக்கும் பெண் ஏதாவது கேட்டால் ஒரு சொல்கூடப் பிடிபடுவதில்லை. பால் என்று நினைத்து வாங்கி வந்தது புளித்த மோராக இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டருக்குப் போன் செய்யவே பயந்தேன். 'இங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், எதற்கு வீண் சிரமம்' என்கிறார் கணவர். எனக்கு இலக்கணம் வேண்டாம். கடை, சந்தை, டாக்டர், குழாய் ரிப்பேர் ஆகியவற்றுக்கு வேண்டிய டச்சை எப்படிக் கற்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தி ஹேக்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வயது வந்தவர்களுக்கு டச்சு கற்றுக்கொடுப்பது என் தொழில். உங்கள் கடிதத்தில் உள்ள இதே திண்டாட்டத்தோடுதான் பெரும்பாலோர் என் வகுப்புக்கு வருகிறார்கள். முதலில் உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். இந்த நாட்டில் ஆங்கிலம் தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் உங்களுக்காக ஆங்கிலத்துக்கு மாறுபவர்கள் மனிதர்கள் மட்டும்தான். மருந்து டப்பாவில் ஒட்டிய சீட்டு மாறாது. டாக்டரின் தொலைபேசியில் முதலில் ஒலிக்கும் பதிவுக் குரல் பெரும்பாலும் மாறாது. குப்பையை எந்த நாளில் வெளியே வைக்க வேண்டும் என்று நகராட்சி அனுப்பும் தாள் மாறாது. பகல் முழுவதும் இவற்றோடு மல்லுக்கட்டுவது நீங்கள். ஆகவே உங்கள் ஆசை நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள்.

செயலியில் படித்தது கடையில் ஏன் உதவவில்லை? செயலி உங்களைப் பேசவைக்கிறது. கடையிலோ நீங்கள் பேச வேண்டியதே இல்லை. பொருள்களைப் பட்டையின் மேல் அடுக்கிவிட்டு வாய் திறக்காமல் வெளியே வந்துவிடலாம். பேசுகிறவர் கல்லாவில் இருக்கும் பெண். அவர் வேகமாக, பாதிச் சொல்லை விழுங்கிப் பேசுகிறார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவரிடம் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியங்கள் அவை. நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை விட்டுவிட்டு, உங்களிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்பதை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், அந்தக் கேள்விகள் மிகக் குறைவு. வரிசையும் அநேகமாக மாறுவதில்லை.

தமிழ் எழுத்தில் நான் தருவது தோராயமான ஒலிப்புதான். 'ஃக்' என்று எழுதியிருக்கும் இடங்களில், 'எஃகு' என்று அழுத்திச் சொல்லும்போது தொண்டையில் வரும் உரசலைக் கொண்டுவாருங்கள். டச்சுக்காரர்களின் அந்தப் பிரசித்தி பெற்ற ஒலிக்கு நம் ஆய்தம் மிக அருகில் நிற்கிறது.

ஆல்பர்ட் ஹைன் கடையையே எடுத்துக்கொள்வோம். உங்கள் முறை வந்ததும் வணக்கம். அடுத்து 'ஹேஃப்ட் யூ அன் போனுஸ்கார்ட்?' தள்ளுபடி அட்டை இருக்கிறதா என்று கேட்கிறார். அந்தக் கடையில் 'போனுஸ்' என்று போட்டிருக்கும் பொருள்களுக்குக் குறைந்த விலை கிடைக்க அட்டை வேண்டும். இல்லையென்றால் இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது 'ஸ்பார்ட் யூ ஸேஃகல்ஸ்?' சேமிப்பு முத்திரைகள் சேர்க்கிறீர்களா என்பது. பிறகு 'பின்னென்?' அதாவது வங்கி அட்டையில் பணம் கட்டுகிறீர்களா. கடைசியாக 'வில்ட் யூ தெ பொன்?' அல்லது 'பொனெத்யெ எர்பை?' ரசீது வேண்டுமா. விடைபெறும்போது 'ஃபைனெ தஃக் நொஃக்', நாள் நல்லபடி போகட்டும். சிறிய கடையாக இருந்தால் நடுவில் 'தஷெ எர்பை?' என்று பை வேண்டுமா எனக் கேட்பார்கள். அவ்வளவுதான். இவற்றில் எதற்கும் பதில் இரண்டே: 'யா, ஃக்ராஃக்' என்றால் சரி, கொடுங்கள், 'நே, தங்க் யூ' என்றால் வேண்டாம், நன்றி.

இதைப் பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நீங்களே ஸ்கேன் செய்துகொள்ளும் இயந்திரத்தின் பக்கம் சில வாரங்களுக்குப் போகாதீர்கள். ஆள் இருக்கும் கல்லாவில், நீளமான வரிசையில் நில்லுங்கள். முன்னால் இருப்பவரிடம் அந்தப் பெண் என்ன கேட்கிறார், அவர் என்ன பதில் சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள். உங்கள் முறை வருவதற்குள் அதே நான்கு கேள்விகள் மூன்று நான்கு முறை காதில் விழுந்திருக்கும். இதைவிட நல்ல கேட்டல் பயிற்சியைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் இயந்திரத்தையும் விட்டுவிடாதீர்கள். வைப்புத் தொகைக்கு 'ஸ்டாட்ஸிஃகெல்ட்' என்று பெயர். பெரிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், சிறியதற்கும் டப்பாவுக்கும் 15 சென்ட். இயந்திரம் தரும் சீட்டைக் கல்லாவில் நீட்டும்போது 'இக் ஹெப் நொஃக் அன் பொனெத்யெ' என்று சொல்லுங்கள். என்னிடம் ஒரு சீட்டும் இருக்கிறது என்று பொருள். நீங்களாகத் தொடங்கும் முதல் வாக்கியமாக இது இருக்கட்டும். சொல்வதற்கான காரணம் கையிலேயே இருப்பதால், உச்சரிப்பு தவறினாலும் அவருக்குப் புரிந்துவிடும்.

இனிப் பொட்டலங்கள். நீங்கள் வாங்கியது 'கர்னமெல்க்'. வீணாகப் போகவில்லை, மோர்க்குழம்புக்கு நன்றாகவே ஒத்துவரும். காப்பிக்கு வேண்டியது 'வொலெ மெல்க்', கொழுப்பு நீக்காத முழுப்பால். 'ஹல்ஃப்வொலெ' என்றால் பாதிக் கொழுப்பு, 'மாஃகரெ' என்றால் கொழுப்பு நீக்கியது. மாவு அலமாரியிலும் கவனம் வேண்டும். 'ப்ளூம்' நம் மைதா. சப்பாத்திக்குக் கிட்டத்தட்ட ஒத்துவருவது 'வொல்கோரென் தர்வெமேல்', முழுக்கோதுமை மாவு. இரண்டுக்கும் பக்கத்திலேயே 'ஸெல்ஃப்ரைஸென்ட் பக்மேல்' இருக்கும். அதில் உப்பவைக்கும் பொருள் கலந்திருப்பதால் கேக்குக்கு மட்டும்தான் ஆகும். 'அஸைன்' என்றால் வினிகர். ஆனால் முன்னால் 'ஸ்ஃகோன்மாக்' என்று சேர்ந்திருந்தால் அது தரையும் குழாயும் துடைப்பதற்கானது, சமையலறை மேடையிலேயே வைக்காதீர்கள்.

இறைச்சி விஷயத்தில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். 'கிப்' கோழி, 'ருன்ட்' மாடு, 'ஃபர்கென்' பன்றி. கொத்துக்கறிக்கு 'ஃகெஹக்ட்' என்று பெயர். அதில் 'ஹல்ஃப்-ஒம்-ஹல்ஃப்' என்று எழுதியிருந்தால் பாதி மாடு, பாதி பன்றி. உங்கள் வீட்டில் எதைத் தவிர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும், தவிர்க்க வேண்டிய சொற்களை ஒரு அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அந்தப் பொருளின் டச்சுப் பெயரும் அதே அட்டையில் இருக்கட்டும். உறையில் 'இன்ஃக்ரேதியென்தென்' என்று தொடங்கும் வரிதான் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் வரி. தேதிக்கும் இரண்டு வகை உண்டு. 'தெ ஃகெப்ரௌகென் தொட்' என்றால் அந்த நாளுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. 'தென்மின்ஸ்தெ ஹௌத்பார் தொட்' என்றால் அதுவரை தரம் குறையாது. பிறகும் பார்த்து, முகர்ந்து பயன்படுத்தலாம்.

சந்தைக்கு வருவோம். டச்சு பேசிப் பழக உங்கள் ஊரில் இதைவிடச் சிறந்த இடம் இல்லை. உங்களுக்குக் கிடைத்திருப்பது சாதாரணச் சந்தையும் இல்லை. ஹாஃக்ஸெ மர்க்ட் ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று. திங்கள், புதன், வெள்ளி, சனி நடக்கிறது. அங்கே எடை கேட்கும் முறையே வேறு. 'அன் பொன்ட்' என்றால் அரைக் கிலோ, 'அன் ஒன்ஸ்' என்றால் 100 கிராம். கடைக்காரர் 'வீ இஸ் எர் ஆன் தெ பேர்ட்?' என்று குரல் கொடுத்தால், அடுத்தது யார் முறை என்று கேட்கிறார். கையைத் தூக்கி 'இக்' என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் முந்திக்கொள்வார். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே சாவிச் சொல்: 'மஃக் இக்...' எனக்குத் தருவீர்களா, நான் செய்யலாமா என்ற பணிவான கேள்வி அது. 'மஃக் இக் அன் பொன்ட் ஔயென்?' அரைக் கிலோ வெங்காயம். 'மஃக் இக் பின்னென்?' அட்டையில் கட்டலாமா. 'மஃக் இக் யூ ஈட்ஸ் ஃப்ராஃகென்?' உங்களிடம் ஒன்று கேட்கலாமா. கையில் எடுத்துத் தந்த பிறகு அவர் கேட்பது 'அந்தெர்ஸ் நொஃக் ஈட்ஸ்?' வேறு ஏதாவது வேண்டுமா. 'நே, தட் வஸ் ஹெட்' என்றால், இல்லை, இவ்வளவுதான்.

நம் காய்கறிகள் அங்கே தென் அமெரிக்க நாடான சுரிநாமின் பெயர்களோடு கிடைக்கும். பாகற்காய்க்கு 'சொப்ரொப்போ'. நீளக் காராமணிக்கு 'கௌஸெபன்ட்'. கத்தரிக்காயை டச்சுக்காரர்கள் 'ஓபெர்ஷீன்' என்பார்கள், சுரிநாம்காரர்கள் 'பூலன்ஜே' என்பார்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1873-இல் 'லல்லா ரூக்' என்ற கப்பல் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை டச்சுக் காலனியான சுரிநாமுக்குக் கொண்டுபோனது. 1975-இல் சுரிநாம் விடுதலை பெற்றதையொட்டி அவர்களின் வழிவந்தவர்கள் பெருமளவில் நெதர்லாந்துக்கு வந்தார்கள், அவர்களில் பலர் தி ஹேக்கில் குடியேறினார்கள். சந்தைக்குப் பக்கத்தில் பவுல் க்ரூகர் தெருவில் நடந்து பாருங்கள். இந்தோனேசியாவும் டச்சு ஆட்சியில் இருந்ததால் மசாலா அலமாரியில் அந்த மொழியின் சொற்கள்: மல்லிக்கு 'கெதும்பர்', சீரகத்துக்கு 'ஜின்தென்', மஞ்சளுக்கு 'கூஞ்சித்'. ஆசிய மளிகைக் கடையை 'தோகோ' என்று சொல்வதும் அப்படி வந்ததுதான்.

தமிழர்களுக்கு டச்சில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: குறில், நெடில். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள என் மாணவர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். 'விஸ்' என்றால் மீன், 'வீஸ்' என்றால் அழுக்கு. 'மன்' ஆண், 'மான்' நிலா. பட்டுக்கும் பாட்டுக்கும் வேறுபாடு தெரிந்த நாக்கு உங்களுடையது, அதை நம்புங்கள். மரியாதையும் அப்படியே: பெரியவர்களிடமும் டாக்டரிடமும் 'யூ', அதாவது நீங்கள்; குழந்தைகளிடமும் நண்பர்களிடமும் 'யெ'. கடையில் இளவயதுப் பெண் உங்களை 'யெ' என்றால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இங்கே அது வழக்கம்.

நீங்கள் டச்சில் தொடங்கியதும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். எல்லோரையும் மனம் உடைய வைப்பது இதுதான். அவர் உங்கள் டச்சைக் குறை சொல்லவில்லை, உதவுவதாக நினைக்கிறார். அப்போது புன்னகையோடு 'இக் வில் ஃக்ராஃக் நேதெர்லன்ட்ஸ் ஊஃபெனென்' என்று சொல்லுங்கள். டச்சு பேசிப் பழக விரும்புகிறேன் என்று பொருள். புரியாவிட்டால் 'வட் லங்ஸாமெர், அல்ஸ்துப்லீஃப்ட்', கொஞ்சம் மெதுவாக. பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு டச்சுக்குத் திரும்பி வருவார்கள். பின்னால் நீண்ட வரிசை இருக்கும் நேரத்தில் மட்டும் வற்புறுத்த வேண்டாம்.

டாக்டர் தொலைபேசிதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் முகம் தெரியாது, கையால் காட்ட முடியாது. குடும்ப டாக்டருக்கு 'ஹௌஸ்அர்ட்ஸ்' என்று பெயர். நீங்கள் எண்ணை அழைத்ததும் பதிவுக் குரல் வரும். அதில் ஒரே ஒரு சொல்லுக்குக் காது கொடுங்கள்: 'ஸ்பூட்', அவசரம். அதற்கான எண்ணை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள், உதவியாளர் எடுப்பார். அவரிடம் 'இக் வில் ஃக்ராஃக் அன் அஃப்ஸ்ப்ராக் மாகென்' என்றால் போதும். சந்திக்க நேரம் வேண்டும் என்பது. உடனே அவர் பெரும்பாலும் கேட்பது நோயைப் பற்றி இருக்காது, பிறந்த தேதியைத்தான்: 'ஃகெபோர்தெதாதும்?' மகளுக்காக அழைத்தால் மகளின் தேதியைச் சொல்லுங்கள். இங்கே எண்கள் தலைகீழ். 25 என்பதை ஐந்தும் இருபதும் என்ற வரிசையில் 'ஃபைஃப்-என்-ட்வின்திஃக்' என்பார்கள். குடும்பத்தில் எல்லோருடைய பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அஞ்சல் குறியீடும் வீட்டு எண்ணும் அப்படியே, இந்த நாட்டில் எந்தச் சேவையைக் கூப்பிட்டாலும் அந்த இரண்டைத்தான் கேட்பார்கள்.

அடுத்து பெயர். நம் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்லாமல் தீராது. இங்கேதான் பலர் அறியாமல் சிக்கிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ஏ' என்று சொல்லும் முதல் எழுத்தை டச்சில் 'ஆ' என்பார்கள். டச்சுக் காதில் 'ஏ' என்று விழுந்தால் அவர் எழுதுவது ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்தை. 'ஈ' என்று விழுந்தால் எழுதுவது ஒன்பதாவதை. ராணி என்ற எளிய பெயரே ஆங்கில முறையில் கூட்டினால் ரேனை ஆகிவிடும். பெயர் தவறினால் உங்கள் கோப்பு கிடைக்காது, மருந்தகத்திலும் சீட்டு கிடைக்காது. ஆகவே மற்ற எதற்கும் முன்னால், உங்கள் மூவரின் பெயர்களையும் டச்சு எழுத்துப் பெயர்களில் கூட்டிச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். 'அஃக்தெர்னாம்' என்று குடும்பப் பெயரைக் கேட்டால், குடியிருப்பு அட்டையில் என்ன இருக்கிறதோ அதையே சொல்லுங்கள்.

நேரத்திலும் ஒரு பள்ளம் உண்டு. 'ஹல்ஃப் த்ரீ' என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை. ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், இன்னொரு நாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். உதவியாளர் நேரம் சொன்னதும் அதை 24 மணிக் கணக்கில் திருப்பிக் கேளுங்கள்: 'துஸ், ஃபேர்தீன் யூர் தெர்திஃக்?' அப்படியானால் 14.30-ஆ என்று. அவர் 'யா' என்றால் தவறே நேராது. மாலை 5 மணிக்குப் பிறகும் வார இறுதியிலும் உங்கள் டாக்டரின் மருத்துவமனை மூடியிருக்கும். அப்போது 'ஹௌஸ்அர்ட்ஸென்பொஸ்ட்' என்ற பொது மையத்தை அழைக்க வேண்டும், அதன் எண்ணைப் பதிவுக் குரலே சொல்லும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் டச்சு பழக வேண்டாம். அப்போது ஆங்கிலத்திலேயே பேசுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

குழாய் ரிப்பேருக்கு அதிகம் வேண்டியதில்லை. வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். குழாய்க்காரர் 'லோட்ஃகீதெர்', பூட்டுத் திறப்பவர் 'ஸ்லோதென்மாகெர்', சைக்கிள்காரர் 'ஃபீட்ஸென்மாகெர்'. அவரிடம் 'லெக்கெ பன்ட்' என்று டயரைக் காட்டினாலே பஞ்சர் என்று புரிந்துகொள்வார். ஆனால் வீட்டுக்கு ஆள் கூப்பிடும்போது வேலை தொடங்குவதற்கு முன் 'வட் கொஸ்ட் ஹெட் இன் தோதால்?' என்று மொத்தத் தொகையைக் கேட்டே தீர வேண்டும். கூலி தனி, வந்து போகும் செலவான 'ஃபோர்ரைகொஸ்தென்' தனி, 'பேதேவே' என்ற வரி தனி. பூட்டு விஷயத்தில் இது இன்னும் முக்கியம். கதவு சாத்திக்கொண்ட பதற்றத்தில் இணையத்தில் முதலில் தெரிந்த எண்ணை அழைத்துப் பெருந்தொகை இழந்தவர்கள் உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்து வைப்பது நல்லது.

பக்கத்து வீடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இல்லாதபோது வரும் பார்சலை இங்கே பெரும்பாலும் அண்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கணவரை அனுப்பாதீர்கள், நீங்களே போய் மணியடியுங்கள். 'எர் லிஃக்ட் அன் பக்கெத்யெ ஃபோர் மை' என்று சொல்லுங்கள். எனக்கு ஒரு பார்சல் இங்கே இருக்கிறது என்பது. வயதான அண்டை வீட்டார் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். பகலில் வீட்டில் இருப்பார்கள், அவசரம் இருக்காது, பொறுமையாகப் பேசுவார்கள்.

முறையாகக் கற்க விரும்பினால் உங்கள் பேட்டை நூலகத்துக்குப் போய், மொழி கற்க உதவும் மையமான 'தால்ஹௌஸ்' எங்கே என்று கேளுங்கள். பேசிப் பழகும் கூட்டங்களுக்கு 'தால்கஃபே' என்று பெயர், தன்னார்வலர்கள் நடத்துவார்கள். வீட்டில் மகளோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் 'யேஃக்த்ஜூர்னால்' பாருங்கள். குழந்தைகளுக்கான அந்தச் செய்தியில் படத்தைக் கொண்டே பாதி புரியும். பள்ளிக்குப் போகும் வயதென்றால் மகள் சீக்கிரமே உங்களை முந்திவிடுவாள். அப்போது கடையிலும் டாக்டரிடமும் அவளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தச் சுமை குழந்தைக்கு ஆகாது.

கடிதங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து வரப்போவது அந்தக் கவலைதான். நீல உறையில் வருவது வரித்துறையின் கடிதம். உள்ளே 'ஔதெர்லெக்' என்று ஒரு சொல் இருந்தால் அதை அடுத்து வருவது கெடுத் தேதி. அதை மட்டும் உடனே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மீதியை நீங்களாக ஊகிக்க வேண்டாம். அதே நூலகத்தில் அரசு இணையச் சேவைகளுக்கான உதவி மேசை இருக்கிறது, கட்டணம் கிடையாது. உறையோடு அங்கே போங்கள்.